கட்டுப் போட்ட பிறகும் அடங்காத கால்வலி: வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில், காலில் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டவர்களை வீட்டில் எப்படிக் கவனிப்பது என்று சில வரிகள் எழுதியிருந்தேன். அதில் வந்த ‘கட்டுப் போட்ட பிறகும் வலி கூடிக்கொண்டே போனால், விடியும் வரை காத்திராமல் மருத்துவமனைக்குத் திரும்புங்கள்’ என்ற ஒரே வரியைப் பற்றித்தான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்களை, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் அழுத்தம் மிகுவதால் தசைக்கும் நரம்புக்கும் நேரும் கேடுகளுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. கால்பந்து ஆடும்போது கீழே விழுந்ததில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்தது. மாலையில் மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரவு பத்து மணிக்கு மேல் வலி தாங்கவில்லை என்று அழுதான். கொடுத்த மாத்திரை எதுவும் கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, எலும்பு முறிந்தால் வலிக்கத்தான் செய்யும், காலையில் வாருங்கள் என்றார்கள். காலையில் போனபோது அவனால் கால்விரல்களை அசைக்க முடியவில்லை. உடனே அறுவைசிகிச்சை செய்து, காலின் இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்துத் திறந்தே வைத்திருந்தார்கள். கால் பிழைத்துவிட்டது, ஆனால் பாதத்தை மேலே தூக்க இன்னும் முடியவில்லை. நாங்கள் எந்த நேரத்தில் இதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும்? தவறு எங்களுடையதுதானா?

பதில்: உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தவறு உங்களுடையது இல்லை. நீங்கள் வலியைக் கவனித்தீர்கள். இரவிலேயே கேட்டும் பார்த்தீர்கள். எதைக் கண்டால் யார் என்ன சொன்னாலும் கிளம்பிவிட வேண்டும் என்பதைக் கட்டுப் போட்ட அன்றே உங்களிடம் எழுதிக் கொடுத்திருக்க வேண்டியது மருத்துவத் தரப்பின் கடமை.

உங்கள் மகனுக்கு வந்தது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். தசையறை அழுத்த நோய் என்று தமிழில் சொல்லலாம். முழங்காலுக்குக் கீழே உள்ள தசைகள் நான்கு அறைகளாகப் பிரிந்து கிடக்கின்றன: முன்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, பின்பக்கம் மேலோட்டமாக ஒன்று, அதற்கு உள்ளே ஆழத்தில் ஒன்று. ஒவ்வோர் அறையிலும் தசைகளோடு இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. இந்த அறைகளின் சுவராக இருப்பவை எலும்புகளும், அவற்றுக்கிடையே இழுத்துக் கட்டியது போன்ற தசையுறையும். இந்த உறை அநேகமாக விரிந்தே கொடுக்காது. எலும்பு முறிந்து உள்ளே இரத்தம் கசிந்தாலும், அடிபட்ட தசை வீங்கினாலும், அந்த வீக்கம் வெளியே தள்ள இடமில்லாமல் உள்ளுக்குள்ளேயே நெருக்குகிறது. மேலே இறுக்கமான மாவுக்கட்டும் இருந்தால் நெருக்கடி இரு மடங்காகிறது.

ஓய்வாக இருக்கும் காலில் இந்த அறைகளின் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 10 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அது ஏற ஏற, முதலில் மெல்லிய சுவருள்ள சிரைகள் நசுங்குகின்றன. இரத்தம் வெளியேற வழியில்லாமல் தேங்க, வீக்கம் இன்னும் கூடுகிறது. பிறகு தசைக்கும் நரம்புக்கும் உயிர்வளி கொண்டுபோகும் நுண்குழாய்களில் ஓட்டம் நின்றுவிடுகிறது. பட்டினி கிடக்கும் தசை மேலும் வீங்குகிறது. தானாக அவிழாத சுருக்குக் கயிறு போன்றது இது.

தசைக்கு அதிக நேரம் கிடையாது. இரத்த ஓட்டம் அற்ற நிலையில் நான்கு மணி நேரம் வரை பெரும்பாலும் தாக்குப் பிடிக்கும். ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும். நரம்பு அதைவிட முன்னதாகவே முறையிடத் தொடங்கிவிடுகிறது; உணர்ச்சி மாறுவதும் மரத்துப்போவதும் அந்த முறையீடுதான். மாலையில் கட்டுப் போட்டவருக்கு இரவில் வலி கூடினால் காலை வரை காத்திருக்கக் கூடாது என்று நான் வற்புறுத்துவது இந்தக் கணக்கை மனத்தில் வைத்துத்தான்.

இனி, எப்போது புரிந்துகொண்டிருக்க முடியும் என்ற கேள்விக்கு வருகிறேன். எலும்பு முறிவின் வலிக்கு ஒரு நடத்தை உண்டு. காலை அசையாமல் பொருத்தி, சாய்த்து வைத்து, மாத்திரையும் கொடுத்தால் அது மெல்ல மெல்லத் தணிய வேண்டும். முழுதாகப் போகாவிட்டாலும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது என்று நோயாளியே சொல்வார். தசையறை அழுத்தத்தின் வலி இதற்கு நேர் எதிராக நடந்துகொள்ளும். கால் அசையாமல் இருந்தும் மணிக்கு மணி ஏறும். மாத்திரை போட்ட அரை மணி நேரம்கூட நிம்மதி தராது. முறிந்த இடத்தில் மட்டும் நில்லாமல் கெண்டைக்கால் முழுவதும், அல்லது முன்பக்கம் முழுவதும், உள்ளிருந்து பிளப்பது போல இருக்கும். ‘அடிக்கு மிஞ்சிய வலி’ என்று நாங்கள் சொல்வது இதைத்தான்.

இரண்டாவது அடையாளத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டுக்கு வெளியே தெரியும் கால்விரல்களை, நோயாளி முயலாமல், நீங்களே மெதுவாக மேலும் கீழும் மடக்கிப் பாருங்கள். விரல்களை இயக்கும் தசைகள் மேலே அந்த அறைகளுக்குள்தான் இருக்கின்றன. விரலைக் கீழே மடக்கினால் முன்பக்கத் தசை இழுபடும். மேலே மடக்கினால் பின்புறத்தின் ஆழ்ந்த தசை இழுபடும். விரலைச் சற்றே அசைத்ததற்குக் கெண்டைக்காலிலோ காலின் முன்பக்கத்திலோ உயிர் போவது போல வலித்தால், அது தசை இரத்தத்துக்கு ஏங்கித் தவிப்பதன் அடையாளம். மூன்றாவது, பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே உள்ள தோலைத் தொட்டுப் பார்ப்பது. முன்பக்க அறையின் வழியாக ஓடும் நரம்பு உணர்ச்சி கொடுக்கும் சிறு இடம் அது. அங்கே மரமரப்போ, ஊசி குத்துவது போன்ற உணர்வோ, மற்றக் காலோடு ஒப்பிடும்போது தொடு உணர்ச்சிக் குறைவோ இருந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

விரலை அசைக்க முடியாமல் போவது இவற்றுக்கெல்லாம் பின்னால் வரும் நிலை. உங்கள் மகனுக்கு அதுதான் காலையில் தெரிந்தது. அதற்குப் பிறகும் அறுவைசிகிச்சை செய்து காலைக் காப்பாற்றியிருப்பதால் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தசையுறையைத் திறந்துவிடும் அந்தச் சிகிச்சையில், பொதுவாக இரண்டு பக்கமும் நீளமான வெட்டுப் போட்டு நான்கு அறைகளையும் திறப்பார்கள். வீக்கம் வடிய வேண்டும் என்பதற்காகத்தான் காயத்தை உடனே தைப்பதில்லை. இரண்டு மூன்று நாட்களில் மறுபடி பார்த்து, இறந்த தசை இருந்தால் அகற்றி, பிறகு படிப்படியாக மூடுவார்கள். மூட முடியாத இடத்தில் தோல் ஒட்டுவார்கள்.

பாதத்தைத் தூக்க முடியாமை நரம்பு அழுந்தியதால் வந்ததா, தசையே அழிந்ததால் வந்ததா என்பதைப் பொறுத்தே மீட்சி அமையும். நரம்பு காரணமாக இருந்தால் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பலாம். அதுவரை பாதம் கீழ்நோக்கி விறைத்துவிடாமல் தாங்கு கட்டும், நாள்தோறும் இயன்முறைப் பயிற்சியும் தவறக் கூடாது. அழிந்த தசை தழும்பாகிச் சுருங்கும்போது பாதமும் விரல்களும் கோணிக்கொள்ளும். இறுகிய கட்டுகளுக்குப் பின் தசைகள் இப்படிச் சுருங்கி விறைப்பதை, 1881இல் ஜெர்மானிய அறுவைசிகிச்சை மருத்துவர் ரிச்சர்ட் ஃபோன் ஃபோல்க்மன் எழுதி வைத்தார். அவர் விவரித்தவை பெரும்பாலும் கைகளைப் பற்றியவை என்றாலும் காலிலும் இதே கதைதான். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஓர் இளைஞன் ஓர் இரவு முழுவதும் அழ நேர்ந்தது என்று படிக்கும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

கேள்வி: மாவுக்கட்டுப் போட்ட என் கணவரின் கால்விரல்கள் சிவப்பாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கின்றன. பாதத்தில் நாடியும் துடிக்கிறது என்று செவிலியர் சொன்னார். அப்படியானால் இந்த அபாயம் இல்லை என்று இருந்துவிடலாமா?

பதில்: கூடாது. இந்த நோயில் மக்களை மட்டுமல்லாமல் சில வேளைகளில் மருத்துவப் பணியாளர்களையும் ஏமாற்றுவது இந்த நாடிதான். காரணம் எளிமையானது. பெரிய தமனியில் இரத்தம் 120 மில்லிமீட்டர் அழுத்தத்தோடு பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தசையறையின் அழுத்தம் 45 ஆக உயர்ந்தாலும் அந்தத் தமனியை நசுக்க அது போதாது. ஆகவே பாதத்தில் நாடி துடிக்கும், விரல் சிவந்தே இருக்கும். ஆனால் தசைக்குள் இருக்கும் நுண்குழாய்களில் இரத்தம் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் நகர்கிறது. அந்த 45 அவற்றை அடைத்துவிடப் போதுமானது. பாதம் நன்றாக இருக்க, மேலே தசை செத்துக்கொண்டிருக்கும். விரல் வெளுத்து, சில்லிட்டு, நாடியும் காணாமற்போனால் அது உடனே கவனிக்க வேண்டிய அபாயம்தான். ஆனால் அது வரவில்லை என்பது ஆறுதல் ஆகாது.

சந்தேகம் இருக்கும்போது மருத்துவர்கள் ஊசி வழியாக அறையின் அழுத்தத்தை நேரடியாக அளப்பார்கள். நோயாளியின் இரத்த அழுத்தத்தில் கீழ் எண்ணிலிருந்து அறையின் அழுத்தத்தைக் கழித்தால் வரும் மிச்சம் 30க்குக் கீழே போய், அறிகுறிகளும் பொருந்தினால் அறையைத் திறக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. கீழ் எண் 75, அறை அழுத்தம் 35 என்றால் மிச்சம் 40, கூர்ந்து கவனித்துவரலாம். அதே 35, இரத்தம் நிறையப் போய்க் கீழ் எண் 50க்கு இறங்கியவருக்கு இருந்தால் மிச்சம் 15தான். அவர் கால் ஆபத்தில் இருக்கிறது. விபத்தில் பல இடங்களில் அடிபட்டு இரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களிடம் கூடுதல் விழிப்பு வேண்டும் என்பதும் இதனால்தான்.

இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்த முறிவுகளில், உள்ளே இருந்த அழுத்தம்தான் வெளியேறிவிட்டதே என்று நினைப்பது இயல்பு. ஒரு கிழிசல் நான்கு அறைகளையும் திறந்துவிடுவதில்லை. அத்தகைய முறிவிலும் இந்த நோய் வரும்.

கேள்வி: என் பேத்திக்கு ஆறு வயது. காலில் கட்டுப் போட்டிருக்கிறோம். எங்கே வலிக்கிறது, எப்படி வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. மரத்துப்போகிறதா என்று கேட்டால் விழிக்கிறாள். எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

பதில்: சிறு குழந்தைகளிடம் மேலே சொன்ன சோதனைகள் சரிப்படுவதில்லை என்பது உண்மை. அவர்களிடம் மூன்று மாற்றங்களைப் பார்க்கச் சொல்கிறோம். காரணம் தெரியாத பதற்றம். எதிலும் மனம் நிலைக்காமல் புரண்டு முரண்டு பிடிப்பது. முன்பு போதுமாக இருந்த வலிமருந்து போதாமல், அடுத்த வேளை மருந்தை முன்கூட்டியே கேட்பது. இந்த மூன்றில் கடைசியானதுதான் அநேகமாக முதலில் தெரியும். நாடியும் நிறமும் மாறுவதற்குப் பல மணி நேரம் முன்பாகவே தெரிந்துவிடும். ஆகவே மருந்து கொடுத்த நேரத்தை ஒரு தாளில் குறித்துவைத்து, இடைவெளி குறுகுகிறதா என்று பாருங்கள். பிடிவாதம் என்று அதட்டி உறங்கவைக்க வேண்டாம்.

முதுகில் போட்ட மயக்க ஊசியின் தாக்கம் தீராதவர்களும், தலையில் அடிபட்டு நினைவு தெளியாதவர்களும் இதே போன்று வலியைச் சொல்ல முடியாதவர்கள். அவர்களைப் பொறுத்தவரை சந்தேகப்பட வேண்டியது அருகில் இருப்பவரின் வேலை.

கேள்வி: எனக்கு 34 வயது. ஆறு மாதத்தில் 18 கிலோ எடை குறைத்தேன். நாள் முழுவதும் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வேலை செய்வது என் பழக்கம். மூன்று வாரங்களாக வலது பாதம் தரையில் தட்டுகிறது. செருப்பு நழுவி விழுகிறது. காலின் வெளிப்பக்கமும் பாதத்தின் மேற்புறமும் மரத்திருக்கின்றன. வலி இல்லை. முதுகெலும்பில் ஜவ்வு விலகியிருக்கும், எம்.ஆர்.ஐ. எடு என்கிறார்கள் நண்பர்கள். இது பக்கவாதத்தின் தொடக்கமா என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்திலேயே விடையின் பெரும்பகுதி இருக்கிறது. முழங்காலின் வெளிப்பக்கத்தில், மூட்டுக்குச் சற்றுக் கீழே, உருண்டையாக ஓர் எலும்பு முனை கைக்குத் தட்டுப்படும். காலின் இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலாவின் தலை அது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்கும் பெரோனியல் நரம்பு, அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வருகிறது. அந்த இடத்தில் நரம்புக்கும் வெளியுலகத்துக்கும் இடையே இருப்பது தோலும் கொஞ்சம் கொழுப்பும் மட்டுமே. அடியில் கெட்டியான எலும்பு. கால்மேல் கால் போடும்போது ஒரு காலின் முழங்கால் முனை மற்றக் காலின் இந்த இடத்தில் அழுந்துகிறது. எடை வேகமாகக் குறையும்போது மெத்தையாக இருந்த கொழுப்பும் போய்விடுகிறது. எடை இழந்தவர்களுக்கு வரும் பாதத்தொங்கல் என்று மருத்துவ நூல்களில் இதற்குத் தனி இடமே உண்டு.

கால்மேல் கால் போடுவதைத் தவிர, நீண்ட நேரம் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை, முழங்காலுக்குக் கீழே வந்து முடியும் மாவுக்கட்டின் மேல்விளிம்பு, இறுக்கமான முழங்கால் உறை, படுத்தபடுக்கையாக இருப்பவரின் கால் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கட்டிலின் ஓரத்தில் அழுந்துவது, அறுவைசிகிச்சையின்போது கால்களைத் தூக்கித் தாங்கிகளில் வைப்பது ஆகியவையும் இதே நரம்பை இதே இடத்தில் அழுத்துகின்றன. நீரிழிவு உள்ளவர்களின் நரம்புகள் இத்தகைய அழுத்தத்தை எளிதில் தாங்குவதில்லை. நரம்பு தடித்தும், தோலில் உணர்ச்சியற்ற வெளிறிய படைகள் இருந்தும் பாதம் தொங்கினால் தொழுநோயையும் பரிசோதிக்க வேண்டும். அது மருந்தால் குணமாகக்கூடிய நோய் என்பதால் தயங்கத் தேவையில்லை.

முதுகெலும்பிலிருந்து வரும் கோளாறா, முழங்கால் அருகே வந்த கோளாறா என்பதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. நாற்காலியில் அமர்ந்து, பாதத்தைத் தொங்கவிட்டு, உள்ளங்கால் மற்றக் காலைப் பார்க்கும்படி உட்பக்கமாகத் திருப்புங்கள். யாராவது கையால் தடுக்கும்போதும் வலுவாகத் திருப்ப முடிகிறது, ஆனால் பாதத்தை மேலே தூக்கவும் வெளிப்பக்கம் திருப்பவும் மட்டும் முடியவில்லை என்றால், பெரோனியல் நரம்பின் மேல்தான் சந்தேகம் போகிறது. உட்பக்கம் திருப்பும் தசைக்கு வேறொரு நரம்பு செல்கிறது; ஆனால் இரண்டு நரம்புகளுக்கும் முதுகில் வேர் ஒன்றே. வேரில் கோளாறு என்றால் உட்பக்கம் திருப்புவதும் தளர்ந்திருக்கும். பெரும்பாலும் இடுப்பிலிருந்து கால்வழியே இறங்கும் வலியும் இருக்கும். இது உங்களுக்கு ஒரு தெளிவு தருவதற்காகச் சொன்னது. முடிவு சொல்ல நரம்பியல் மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும். நரம்பு மின்கடத்தல் சோதனை மூன்று வாரங்களுக்குப் பிறகு எடுத்தால்தான் சேதத்தின் ஆழத்தைத் தெளிவாகக் காட்டும். உங்களுக்கு அந்தக் காலம் இப்போது வந்துவிட்டது.

பக்கவாதத்தைப் பற்றிய பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பக்கவாதம் நிமிடங்களில் வரும். பெரும்பாலும் அதே பக்கக் கையையோ முகத்தையோ பேச்சையோ சேர்த்துத் தாக்கும். அப்படி ஏதேனும் இருந்தாலும், இரண்டு கால்களும் தளர்ந்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும், தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி மரத்தாலும் அன்றே, அந்த மணியிலேயே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். நீங்கள் எழுதியதில் அவை இல்லை.

சிகிச்சையில் முதற்படி, இன்று முதல் கால்மேல் கால் போடுவதை அறவே நிறுத்துவது. நரம்பின் மேலுறை மட்டும் கசங்கியிருந்தால் சில வாரங்களிலிருந்து மூன்று மாதத்துக்குள் பெரும்பாலும் முழுமையாகத் திரும்பிவிடும். உள்ளே இருக்கும் இழைகளே அறுந்திருந்தால் அவை மறுபடி வளர்ந்து தசையைச் சேர வேண்டும். நரம்பிழை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். பத்து சென்டிமீட்டர் தூரம் போக மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்குத் தெரிந்தால், முதல் மாதத்தில் மாற்றம் தெரியாததற்காக மனம் தளர மாட்டீர்கள். இடைக்காலத்தில், கணுக்காலைச் செங்கோணத்தில் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கியைச் செருப்புக்குள் அணிந்தால் தடுக்கி விழாமல் நடக்கலாம். குதிகால் நரம்பு என்று பேச்சில் சொல்லப்படும் குதிகால் தசைநார் சுருங்காமலிருக்க, பாதத்தைக் கையால் மேலே மடக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்யுங்கள். மரத்த தோலில் செருப்பு உரசிப் புண்ணானால் தெரியாது என்பதால் இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள். மூன்று நான்கு மாதத்தில் முன்னேற்றமே இல்லை, அல்லது ஸ்கேனில் நரம்பை அழுத்தும் நீர்க்கட்டி போன்ற ஏதேனும் தெரிகிறது என்றால், அழுத்தத்தை நீக்கும் அறுவைசிகிச்சை பற்றி யோசிப்பார்கள். எடைக் குறைப்பையும் சற்று நிதானமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நெடுந்தூர ஓட்டப் பயிற்சி எடுக்கிறேன். ஓடத் தொடங்கிச் சரியாகப் பன்னிரண்டு நிமிடத்தில் இரண்டு கால்களின் முன்பக்கமும் கல்லாக இறுகுகிறது. பாதம் மரத்து, தொப்பென்று தரையில் விழுகிறது. நின்றால் இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. பயிற்சியாளர் இதை ‘ஷின் ஸ்பிளின்ட்’ என்கிறார்.

பதில்: ஷின் ஸ்பிளின்ட் என்பதில் வலி காலின் உட்புற எலும்பு விளிம்பில், கீழ்ப்பகுதியில், விரல்களால் அழுத்திப் பார்த்தால் சில அங்குல நீளத்துக்குத் தெரியும், ஓடி முடித்த பின்னும் மறுநாளும் நீடிக்கும். எலும்பில் நுண்விரிசல் என்றால் ஒரே புள்ளியில் விரல் வைக்க முடியாதபடி வலிக்கும். உங்கள் வலி கடிகாரம் பார்த்து வந்து, நின்றதும் கடிகாரம் பார்த்துப் போகிறது, கூடவே மரத்துப்போகிறது. இது உழைப்பால் வரும் நாட்பட்ட தசையறை அழுத்தமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஓடும்போது தசைக்குள் இரத்தம் பாய்ந்து அதன் கனஅளவு கூடும். உறை அதற்கு ஏற்ப இடம் தராதவர்களுக்கு அழுத்தம் ஏறுகிறது. ஓய்வெடுத்தால் தானாக இறங்கிவிடுவதால் தசை சாவதில்லை. இளம் ஓட்டக்காரர்களிடமும் படைவீரர்களிடமும் அதிகம் காணப்படுகிறது. இரண்டு கால்களிலும் சேர்ந்து வருவதும் சாதாரணம். உறுதிசெய்ய, ஓய்விலும் ஓடி முடித்த உடனும் அழுத்தத்தை அளப்பார்கள். ஓடுமுன் 15, ஓடி ஒரு நிமிடத்தில் 30, ஐந்தாம் நிமிடத்தில் 20 மில்லிமீட்டர் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை எட்டினாலோ தாண்டினாலோ நோய் உண்டு என்று கொள்வது 1990 முதல் பலரும் பின்பற்றும் அளவுகோல். முழங்காலுக்குப் பின்னால் தமனி தசையால் நசுங்கும் மற்றொரு நோயும் இதே போலத் தோன்றக்கூடும் என்பதால் இரத்த ஓட்டத்தையும் பார்த்துவிடுவது நல்லது.

ஓட்டத்தின் அளவைக் குறைப்பதும், குதிகாலை முதலில் ஊன்றாமல் பாதத்தின் முன்பகுதியை ஊன்றும் வகையில் ஓட்ட முறையை மாற்றிப் பழகுவதும், முன்பக்க அறையின் அழுத்தத்தால் வரும் தொல்லையைச் சிலருக்கு நன்றாகவே குறைக்கின்றன. போதாவிட்டால் திட்டமிட்ட அறுவைசிகிச்சையால் உறையைத் தளர்த்துவார்கள். இதில் அவசரம் எதுவும் இல்லை, ஒரே ஒரு சூழ்நிலையைத் தவிர. வழக்கத்துக்கு மீறிய கடும் ஓட்டத்துக்குப் பின், ஓய்வெடுத்தும் வலி இறங்காமல் மணிக்கு மணி ஏறினால், எலும்பு முறியாமலே கடும் தசையறை அழுத்தம் வந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். அடி எதுவும் படாததால் பலர் இதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்து ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள்.

கேள்வி: தனியாக இருந்த என் அப்பா மயங்கி விழுந்து, ஏறத்தாழ பத்து மணி நேரம் ஒரு கால் உடலுக்கு அடியில் மடிந்தபடி தரையிலேயே கிடந்திருக்கிறார். எழுப்பியபோது கால் பெரிதாக அடிபட்டதாகத் தெரியவில்லை. சில மணி நேரத்தில் வீங்கி இறுகியது. சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனது. கால் பிரச்சினைக்கு ஏன் சிறுநீரக மருத்துவரை அழைத்தார்கள்?

பதில்: தன் உடலின் எடையே காலை அழுத்தி இரத்த ஓட்டத்தை நிறுத்தியிருக்கிறது. எடை நீங்கி இரத்தம் மறுபடி பாயும்போதுதான் சேதப்பட்ட தசை வீங்கத் தொடங்கும். அதனால்தான் முதலில் கால் நன்றாக இருப்பது போலத் தெரிந்தது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற நிறப்பொருளும் பொட்டாசியமும் இரத்தத்தில் கலக்கின்றன. முன்னது சிறுநீரகத்தின் நுண்குழல்களை அடைத்துக் கெடுக்கிறது. சிறுநீரின் நிறம் அதனால்தான். பின்னது அளவு மீறினால் இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். இரண்டாம் உலகப்போரில் லண்டன் மீது குண்டு விழுந்தபோது, இடிபாடுகளுக்குள் கால் நசுங்கி உயிரோடு மீட்கப்பட்டவர்கள் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததை 1941இல் பைவாட்டர்ஸ், பீல் என்ற இருவர் விவரித்தார்கள். அந்த அறிவுதான் இன்று சிரை வழியே நீர்மத்தை ஏராளமாகச் செலுத்திச் சிறுநீரகத்தைக் காக்கும் சிகிச்சையாக வளர்ந்திருக்கிறது. சிறுநீரக மருத்துவரை அழைத்தவர்கள் சரியாகவே செய்திருக்கிறார்கள்.

நீண்ட நேரம் நினைவின்றிக் கிடந்த யாரையும், காயம் தெரியவில்லை என்பதற்காக வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சந்தேகம் வந்துவிட்டது, மருத்துவமனை தொலைவில் இருக்கிறது. போகும் வரை என்ன செய்யலாம்? உருவிவிடலாமா, ஐஸ் வைக்கலாமா, காலை உயர்த்தி வைக்கலாமா?

பதில்: உருவிவிடவே கூடாது. எலாஸ்டிக் பேண்டேஜ், ஒட்டித் திறக்கும் பட்டைகளுள்ள தாங்கி, இறுக்கமான காலுறை ஆகியவற்றை, கீழே கால் அசையாமல் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொள்ள, உடனே முழுவதுமாகத் தளர்த்திவிடுங்கள். மாவுக்கட்டை வீட்டுக் கத்தியாலும் அரத்தாலும் அறுக்க முயல வேண்டாம். அதற்குச் செலவாகும் நேரத்தில் பாதித் தூரம் போய்விடலாம். மருத்துவமனையில் கட்டை நெடுகப் பிளந்து, உள்ளே சுற்றிய பஞ்சுறையையும் தோல் தெரியும் வரை வெட்டிவிட வேண்டும். பஞ்சு மென்மையானதுதானே என்று விட்டுவிடுவதுண்டு. இரத்தம் தோய்ந்து உலர்ந்த பஞ்சு, கட்டைப் போலவே இறுக்கும்.

சாதாரண வீக்கத்துக்குக் காலைத் தலையணை மேல் உயர்த்துவது சரி. தசையறை அழுத்தம் என்று சந்தேகம் வந்த பிறகு இதயத்தின் மட்டத்திலேயே காலை வைக்க வேண்டும். அதற்கு மேலே தூக்கினால், ஏற்கெனவே நெருக்கப்பட்ட நுண்குழாய்களுக்கு இரத்தம் ஏறுவது இன்னும் கடினமாகும். தொங்கவிட்டால் வீக்கம் கூடும். ஐஸ் வேண்டாம். உடனே அறுவைசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வழியில் உணவு எதுவும் கொடுக்க வேண்டாம். வலி எந்த மணிக்குக் கூடத் தொடங்கியது, கடைசி மாத்திரை எப்போது கொடுக்கப்பட்டது, இரத்தம் உறையாமலிருக்க மருந்து எதுவும் எடுக்கிறாரா என்பதை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சேர்ந்ததும், ‘கால் வலிக்கிறது’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘கட்டுப் போட்ட பிறகு வலி ஏறிக்கொண்டே போகிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை, விரலை அசைத்தால் உயிர் போகிறது, கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோமா என்று பாருங்கள்’ என்று அந்தப் பெயரையே சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.